மருந்துண்டது குற்றமா?

பட்டாளத்தில் சேர வரிசையில் நிற்கிறான் இளைஞன். உயரம் அளக்கின்றனர், குறைவில்லை. மார்பு அளக்கின்றனர், விரிவுண்டு. கண்ணிலே கூர்மை, காதிலே தெளிவு, காலிலே வேகம். ஓடச் சொன்னார்கள், ஓடினான், முந்தினான். எல்லாம் முடிந்த பிறகு வருகிறது ஒரு கேள்வி: "மனநோய்க்கு எப்போதேனும் மருத்துவம் செய்துகொண்டதுண்டா?" தந்தையை இழந்த துயரில் உறக்கம் கெட்டு, உணவு வெறுத்து, மருத்துவரை நாடி மருந்துண்டு, நலமடைந்து மூன்றாண்டாயிற்று அவனுக்கு. உண்மையைச் சொன்னால் வெளியே. பொய் சொன்னால் உள்ளே. நாட்டைக் காக்க ஆள் திரட்டும் வாயிலிலே, நாட்டு இளைஞனுக்குப் புகட்டப்படும் முதற்பாடம் இது!

நாமாகக் கட்டிய கதை என்று எவரும் எண்ண வேண்டாம். நம் விமானப்படைக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க அண்மை ஆண்டுகளில் வெளியான அறிவிக்கைகளின் மருத்துவ விதிகளைப் புரட்டிப் பாருங்கள். மனநோய் வரலாறு உடையோரை மனநோய் மருத்துவரிடம் அனுப்பி ஆராய்க என்கிறது விதி. நன்று என்று நாம் தலையசைப்பதற்குள், அடுத்த வரி: இத்தகையோர் விலக்கப்பட வேண்டும்! விலக்குவதென்று முடிவு செய்தான பிறகு ஆராய்ச்சி எதற்கு? அது மட்டுமா? குடும்பத்தில் எவர்க்கேனும் அந்நோய் இருந்ததா என்பதும் கணக்கில் கொள்ளப்படும் என்கிறது. பாட்டனுக்கு வந்த நோய்க்குப் பேரனிடம் கணக்குக் கேட்கும் இந்த முறை, நமக்குப் பழக்கமான வேறொரு முறையை நினைவூட்டுகிறதல்லவா?

இதை நாம் கேட்டவுடன் எழும் கூக்குரலையும் நாம் அறிவோம். "பைத்தியக்காரன் கையில் துப்பாக்கியா?" என்பர். காரமான வாசகந்தான், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை பேரைத் திணித்து அடைத்துவிட்டனர், பாருங்கள். இல்லாத குரல் காதில் ஒலிக்க, மருண்டு நிற்பவன் ஒருவன். பத்தொன்பதாம் வயதில் ஆறு திங்கள் சோர்ந்து கிடந்து, மருந்தும் ஆறுதலும் பெற்று, இன்று ஏர் பிடித்தோ எழுத்துப்பணி புரிந்தோ குடும்பம் காப்பவன் மற்றொருவன். காய்ச்சலில் கிடப்பவனும், முன்னொரு நாள் காய்ச்சல் கண்டு எழுந்தவனும் ஒன்றாவரோ? இன்று நோயுற்றிருப்பவனைப் போர்முனைக்கு அனுப்புக என்று நாம் கூறவில்லை. அது அவனுக்கும் கொடுமை, அவன் அருகில் நிற்பவனுக்கும் கொடுமை. மீண்டும் மீண்டும் வந்து வருத்தும் இயல்புடைய கடுநோய்களும் உண்டு. தேர்ந்த மருத்துவர் ஆளை நேரில் ஆய்ந்து, இவ்வேலை இவருக்கு ஆகாது என்றால் அதை ஏற்பதே அறிவுடைமை. ஆளைப் பாராமல் ஏட்டைப் பார்த்து எழுதும் தீர்ப்பைத்தான் நாம் எதிர்க்கிறோம்.

"போருக்குப் போகாமல் தப்பினானே, நல்லதுதானே!" என்று வேடிக்கை பேசுவோரும் உளர். போர் வேண்டுமா, வேண்டாமா என்பது வேறு வழக்கு; இன்னொரு நாள் ஆடலாம். வானம் பொய்த்த சிற்றூரிலே பட்டாளம் என்பது மாதாமாதம் வந்து சேரும் சம்பளம், தம்பியின் படிப்பு, ஓலைக்கூரை ஓட்டுக்கூரையாவதற்கு உள்ள ஒரே வழி. அந்த வாயிலை அடைப்பவர் காரணம் காட்டக் கடமைப்பட்டவர்.

காட்டட்டும், பார்ப்போம். 1861: அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்ட ஆண்டு. கென்டக்கியில் வடபுலப் படைக்குத் தலைமை தாங்கிய வில்லியம் ஷெர்மன் உள்ளம் ஒடிந்தார். பகைவர் பெருக்கம் பற்றிய அச்சம் அவரை அலைக்கழித்தது. நவம்பரில் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்பட்டார். டிசம்பரில் சின்சினாட்டி நாளேடு ஒன்று, ஷெர்மன் பித்தர் என்று தலைப்பிட்டே எழுதிற்று. வீட்டிலே சில நாள் ஓய்வு. 1862 ஏப்ரலில் ஷைலோ களத்தில், கையிலே காயம் பட்ட பின்னும் களம் விட்டகலாது நின்றவர் அதே ஷெர்மன். 1864 செப்டம்பரில் அட்லாண்டா அவரிடம் வீழ்ந்தது. 1869-இல் அமெரிக்கப் படை முழுமைக்கும் தலைமைத் தளபதியானார். அவர் படை சென்ற வழியெங்கும் எரிந்ததை நாம் மறந்துவிடவில்லை. பரணி பாட வரவில்லை நாம். இன்றைய விண்ணப்பத்தாளை அன்று அவர் முன் நீட்டியிருந்தால் அவர் எந்தப் பக்கம் நின்றிருப்பார் என்று மட்டும் கேட்கிறோம்.

கவிஞர் வில்ஃபிரட் ஓவன் வரலாறும் இவ்வேட்டின் வாசகர்க்குப் புதிதன்று. 1917-இல், குண்டதிர்ச்சி என்று அந்நாளில் பெயரிட்டழைத்த மனநோயோடு எடின்பரோவில் உள்ள கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நலம் பெற்றார். 1918-இல் பிரான்சின் போர்முனைக்கு மீண்டும் சென்றார். அக்டோபரில் ஆற்றிய செயலுக்காக வீரப்பதக்கத்துக்கு உரியவரானார். நவம்பர் 4-ஆம் நாள், போர் ஓய ஒரு வாரமே இருக்கையில், களத்தில் மாண்டார். வயது 25. அந்தச் சாவை நாம் போற்றவில்லை. மருத்துவமனைப் படுக்கை அவரைக் கோழையாக்கிவிடவில்லை என்பதை மட்டும் ஏடு சொல்கிறது.

இருவரைக் காட்டி ஊருக்கெல்லாம் விதி செய்யலாகாது என்று மாற்றார் கூறலாம். சரியான வாதம், ஒப்புக்கொள்கிறோம். அப்படியானால் இலட்சக்கணக்கில் எண்ணிப் பார்த்த இடத்துக்கே போவோம்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கர் இந்த வடிகட்டலை நம் விதி எழுதியோர் கனவிலும் காணாத அளவில் செய்து பார்த்தனர். ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்னும் பெயர்பெற்ற மனநோய் மருத்துவர் 1940-இல் ஆள்சேர்ப்புத் துறைக்கு ஆலோசகரானார். முதல் உலகப் போரில் மனம் நொறுங்கி மீண்டோருக்கு அரசு செலவிட்ட பணத்தின் நினைவு பசுமையாக இருந்தது. நொறுங்கக் கூடியவனை முன்கூட்டியே கண்டு வாயிலிலேயே நிறுத்திவிட்டால் படையும் பிழைக்கும், கருவூலமும் பிழைக்கும் என்பது நம்பிக்கை. நல்ல நோக்கம், நாம் அதைப் பழிக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? வரிசை வரிசையாக வந்து நின்ற ஆடவர்க்கு மருத்துவர் ஒதுக்க முடிந்தது ஆளுக்குச் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் ஒரு மனிதனின் உள்ளத்தைத் தோண்டிப் பார்த்து, நாளை பீரங்கி முழங்கும்போது இவன் நிற்பானா, நிலைகுலைவானா என்று கணிக்க வேண்டும்! கைரேகை பார்ப்பவன்கூட இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வான். நகம் கடித்தவன் ஐயத்துக்குரியவன். "பெண்களைப் பிடிக்குமா?" என்ற கேள்விக்கு வெட்கித் தலைகுனிந்தவனும் ஐயத்துக்குரியவன். இப்படியாக 17 இலட்சத்துக்கும் மேற்பட்டோர், மனநிலை காரணம் என்று முத்திரை குத்தப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டனர். ஊருக்குத் திரும்பிய அவர்களை ஊர் என்ன சொல்லியிருக்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தனை பேரை வடித்தெடுத்த பின் உள்ளே போன படை எஃகாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை! முதல் உலகப் போரைவிடப் பல மடங்கு அதிகமானோரை வாயிலில் விலக்கியும், உள்ளே மனம் நொறுங்கியோரின் வீதம் முதற்போரைவிடக் கூடவே இருந்தது. 1943-இல் மனநிலை காரணமாக வெளியேறுவோர் வெள்ளமாயினர். தலைமைத் தளபதி ஜார்ஜ் மார்ஷலே தலையிட வேண்டியதாயிற்று. 1944-இல் வடிகட்டலைத் தளர்த்தினர். முன்பு விலக்கப்பட்டு, பிறகு ஆள் பஞ்சத்தால் சேர்க்கப்பட்டவர்களில் ஈராயிரம் பேர் அளவில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1951-இல் அமெரிக்க மருத்துவ ஏட்டில் வந்தது. ஏறத்தாழ ஐந்தில் நால்வர் நிறைவாகப் பணியாற்றினர் என்றது அது. மற்றப் படைவீரரைவிட இவர்களில் தவறியோர் தொகை கூடுதல்தான். மறைக்க வேண்டிய செய்தியன்று அது. ஆனால் ஐந்தாவது ஆளுக்கு அஞ்சி, நான்கு பேரை வாழ்நாள் முழுதும் தலைகுனிய வைத்த கணக்கு, எந்தப் பள்ளிக் கணக்கில் சேரும்?

பின், நொறுக்கியது எது? அதையும் ஆய்ந்தனர். 1946-இல் ஆப்பெல், பீப் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு, படைத்துறையின் பழைய நம்பிக்கையைத் தரைமட்டமாக்கிற்று. களத்திலே காலாட்படை வீரன் சராசரி 200 முதல் 240 போர்நாள் தாங்குவான். அதற்கு மேல், சாகாமலும் காயம்படாமலும் எஞ்சினால், எவனாயினும் உள்ளம் உடைவான் என்றது. எவனாயினும்! மரபுவழி மாசற்றவன், மருந்தே அறியாதவன், ஊர் மெச்சும் உறுதியாளன், எவனாயினும். ஆங்கிலேயப் படைவீரனோ 400 நாள் வரை தாங்குவான் என்று கணிக்கப்பட்டது. அவன் இரும்பால் ஆனவனா? அன்று. பன்னிரண்டு நாளுக்குள் அவனைக் களத்திலிருந்து பின்னிழுத்து நான்கு நாள் ஓய்வு கொடுத்தனர்; இத்தாலியில் அமெரிக்க வீரனையோ இருபது, முப்பது, சிலபோது எண்பது நாள்கூட ஓயாமல் நிறுத்தினர். இருவருக்கும் இருந்த வேறுபாடு ஓய்வு. வாயிலிலே கேட்ட எந்தக் கேள்வியும் அந்த வேறுபாட்டைக் கண்டிராது.

ஆனால் பழைய நம்பிக்கை எளிதில் சாவதில்லை. 1943 ஆகஸ்டில் சிசிலித் தீவில், களத்து மருத்துவமனைகளைப் பார்வையிட்ட தளபதி பாட்டன், உடலில் காயமில்லாது படுத்திருந்த வீரனைக் கோழை என்று ஏசிக் கன்னத்தில் அறைந்தார். ஒரு வாரம் கழித்து வேறொரு மருத்துவமனையில் இன்னொருவனையும் அறைந்தார். முதலில் அறை வாங்கியவனுக்கு மலேரியாக் காய்ச்சலும் வயிற்றுக்கடுப்பும் இருந்ததாகப் பிறகு தெரிந்தது. மேல்தளபதி ஐசன்ஹோவர் ஆணையிட, பாட்டன் மன்னிப்புக் கேட்டார். அதே ஆண்டு ஏப்ரலில், ஆப்பிரிக்கக் களத்தில், தளபதி பிராட்லி வேறொன்று செய்திருந்தார்: மனம் உடைந்து வருவோரின் சீட்டில் நோயின் பெயரை எழுதாதீர், "களைப்பு" என்று மட்டும் எழுதி, களத்தருகே வைத்து ஓய்வு கொடுங்கள் என்றார். பலர் தேறிப் பணிக்குத் திரும்பினர். எழுதும் சொல்லுக்கு எவ்வளவு வலிமை என்பதை, பள்ளிப் பதிவேட்டில் "மந்தம்" என்று எவரோ எழுதி வைத்த சிறுவனைக் கைப்பிடித்து நடத்த முயலும் எம்போன்ற ஆசிரியர் அறிவர்.

அது பழங்கதை, இன்று அறிவியல் வளர்ந்துவிட்டது என்பீராயின், அமெரிக்காவின் இன்றைய காலத்துக்கே வருவோம். 2018-இல் அங்கு நடைமுறைக்கு வந்த விதிப்படி, மனச்சோர்வுக்குக் கடந்த 36 மாதத்துக்குள் மருத்துவம் செய்துகொண்டவன் தகுதியற்றவன்; மொத்தத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் மருத்துவம் செய்துகொண்டிருந்தாலும் தகுதியற்றவன். தனியே விலக்கு வேண்டிக் காத்திருக்கலாம். இந்த வேலி யாரைத் தடுத்தது? 2014-இல் வெளியான பேராய்வு ஒன்று விடை தருகிறது. பணியில் இருந்த அமெரிக்கத் தரைப்படையினரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநோய் இருந்தது. அவர்களிலும் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அது படையில் சேருமுன்பே தொடங்கியிருந்தது. ஆக, வேலி நோயைத் தடுக்கவில்லை; வாயைத்தான் அடைத்தது. வாய் திறவாதவன் உள்ளே இருக்கிறான். உள்ளே வந்த பிறகு மருத்துவரிடம் போனால் முன்பு சொன்ன பொய் வெளிப்படும் என்று அஞ்சி, உதவியின்றி உழல்கிறான். 2022 முதல் அங்கே ஆள் சேர்க்குமிடத்திலேயே விண்ணப்பித்தவனின் பழைய மருந்துச் சீட்டுகளை மின்னேட்டில் தேடிப் பார்க்கின்றனர். இனி அந்நாட்டுச் சிறுவன் கற்கப்போவது என்ன? மருத்துவரிடம் போகாதே, போனால் ஏட்டில் ஏறும் என்பதைத்தான்.

நம் நாட்டில் இந்தப் பாடத்தின் விளைவு இன்னும் கொடிது. இங்கே மனநோய் கண்டால் ஓட இரு வழி உண்டு. ஒன்று மருத்துவமனை. மற்றொன்று மந்திரிப்பவனின் வாசல். பேயோட்டி பதிவேடு வைப்பதில்லை! வேப்பிலை அடிக்கும் கயிறு கட்டலுக்கும் சீட்டு இல்லை, சான்று இல்லை. மருத்துவரிடம் சென்ற அறிவாளிப் பிள்ளைக்கு "விலக்குக"; உடுக்கையடி கேட்டு ஆடிவிட்டு வந்தவனுக்கு "வருக"! 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில், மருத்துவம் காணாமல் சங்கிலியில் பிணைத்து வைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதைக் கண்ட நாடு இது. அந்த நாட்டிலே, மருத்துவரை நாடியதைக் குறையாக எழுதும் ஒவ்வொரு விதியும், மந்திரிப்பவனுக்கு அரசு செலவில் செய்யும் விளம்பரமன்றோ?

இனி, இவ்விதியின் மறுபக்கம். உள்ளே வரும்போது வரலாறு கேட்டு விரட்டுவோர், உள்ளே வந்தவன் உடைந்தால் அதே வரலாற்றை எப்படிப் பயன்படுத்துகின்றனர் தெரியுமா? 1939 ஜூலையில், போர் மூளப் போவதை உணர்ந்த பிரிட்டனில், மருத்துவர் மாநாடு கூடி, போர் நடக்கும் காலத்தில் மனநோய்க்கு ஓய்வூதியம் இல்லை என்று முடிவு செய்தது. பிறகு அதைத் தளர்த்த நேர்ந்தது. அமெரிக்காவிலோ 2001-க்கும் 2007-க்கும் இடையே, 22 ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் "ஆளுமைக் கோளாறு" என்ற பெயரில் வெளியேற்றப்பட்டனர். அது சேருமுன்பே இருந்த குறை. ஆகவே ஊனத்துக்குரிய உதவித்தொகை இல்லை! சேர்க்கையின்போது கொடுத்த ஊக்கத்தொகையில் மீதியைத் திருப்பிக் கட்டு என்ற ஓலையும் சிலர் வீடு வந்தது. 2007-இல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு இதனை விசாரித்தது. விதி இறுக்கப்பட்டபின் இவ்வகை வெளியேற்றம் குறைந்தது. வாயிலில் சோதித்து, குறையேதும் இல்லை என்று சேர்த்தவர் யார்? போருக்கு அனுப்பியவர் யார்? உடைந்த பிறகு, நீ பிறந்ததே அப்படித்தான் என்று சொல்பவரும் அவரேயானால், அந்த நாக்கு ஒன்றா, இரண்டா?

நம் நாட்டுப் படை மருத்துவக் குழுக்களும் இந்த வித்தையில் சளைத்தவை அல்ல. பணியால் வந்ததன்று, பிறவி இயல்பால் வந்தது என்று ஒரு வரி, ஓய்வூதியம் போயிற்று. 1972-இல் தரைப்படையில் சேர்ந்த ஒருவர், மனச்சிதைவு என்று கூறப்பட்டு 1977-இல் அனுப்பப்பட்டார். அவரைச் சேர்த்தபோது அப்படி ஒரு குறிப்பு இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மருத்துவக் குழுவின் கருத்து கேள்விக்கு அப்பாற்பட்ட மறைமொழி அன்று என்னும் பொருள்பட உரைத்து, அவரை மறு குழு ஆராய வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது 2013-இல். முப்பத்தாறு ஆண்டு! அதே ஆண்டு வேறொரு வழக்கில், சேரும்போது குறிப்பு ஏதும் இல்லையெனில் அவன் நலமுடையவனாகவே வந்தான் என்று கொள்ள வேண்டும், பணியால் வந்ததன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அரசுடையது என்றும் அந்நீதிமன்றம் தெளிவாக்கியது.

சட்டம் இல்லாமலா போயிற்று? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 20-ஆம் பிரிவில், பணிக்காலத்தில் குறை நேர்ந்தவரை வேலை நீக்கவும் பதவி இறக்கவும் கூடாது என்கிறது. அதே பிரிவில் ஒரு பின்வாசல்: அரசு விரும்பினால் அறிவிக்கை வெளியிட்டு விலக்குப் பெறலாம். 2021 ஆகஸ்டில் மத்திய ஆயுதக் காவற்படைகளின் போர்ப்பிரிவுகளுக்கு அந்தப் பின்வாசல் திறக்கப்பட்டது. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 17-இல், உச்ச நீதிமன்றம் சேமக் காவற்படை அதிகாரி ஒருவர் வழக்கில் தீர்ப்பளித்தது. மனநோயோடு போராடிய அவர்மீது தொடுத்த ஒழுங்கு நடவடிக்கையைத் தள்ளியது. இப்பணிக்கு அவர் பொருந்தாரெனில் வேறு பணி கொடுங்கள், ஊதியம் குறையலாகாது, அப்பணியில் துப்பாக்கியைக் கையாள வேண்டாதபடி பார்த்துக்கொள்ளலாம் என்றது. துப்பாக்கி, துப்பாக்கி என்று அலறுவோர் இந்த வரியைப் படிக்கட்டும். பட்டாளம் என்றால் துப்பாக்கி மட்டுந்தானா? கணக்கர் இல்லையா, சமையற்காரர் இல்லையா, வண்டி பழுதுபார்ப்போர் இல்லையா, கிடங்கு காப்போர் இல்லையா?

2017-இல் இந்நாட்டு நாடாளுமன்றம் இயற்றிய மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, ஒருவர் முன்பு மனநோய்க்கு மருத்துவம் பெற்றார் என்பது கருதத்தக்கதாயினும், அது ஒன்றையே கொண்டு அவர் இன்று நோயாளி என்றோ நாளை நோயாளி என்றோ முடிவு செய்யலாகாது என்கிறது. அச்சட்டம் வந்த பின் வெளியான விமானப்படைத் தேர்வு அறிவிக்கைகளிலும், "விலக்கப்பட வேண்டும்" என்ற வரி அப்படியே அச்சேறியது. நாம் கேட்பது இவ்வளவுதான்: அந்த வரியை அடியுங்கள். அதற்கு முந்திய வரி கூறும் மருத்துவரை உண்மையிலேயே அமர்த்தி, வந்தவன் இன்று எப்படி இருக்கிறான், எந்தப் பணிக்கு ஏற்றவன் என்று ஆளைக் கண்டு எழுதச் சொல்லுங்கள். ஆகாதெனில் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். மேல்முறையீட்டுக்கு வழி வையுங்கள். குடும்ப வரலாறு கேட்கும் வரியையும் கூடவே அடித்துவிடுங்கள்.